இந்த நிரை முடியட்டும், வர்றேன்

எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது காதில் விழும் வாக்கியம் இது. சொல்வது, எந்நேரமும் ஊசியும் நூலுமாகப் பின்னல் போட்டுக்கொண்டிருக்கிற நான். கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர்கள் மூன்று பிள்ளைகள், செம்பனை எண்ணெய் ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் கணவர், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் போய்வரும் மாமியார், அப்புறம் நூல் உருண்டையைக் கண்டால் சும்மா இருக்க முடியாத ஒரு பூனை. வரிசையை நிரை என்று சொல்வது மாமியாரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது. முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். மரம் வரிசையாக நின்றாலும் நிரைதான், ஊசியில் கண்ணி (பின்னலின் ஒவ்வொரு நூல் வளையம்) வரிசையாக நின்றாலும் நிரைதான் அவருக்கு.

நாங்கள் இருப்பது மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், ஒரு காலத்தில் ரப்பராக இருந்து பிறகு செம்பனையாகிவிட்ட தோட்டத்தை ஒட்டின தாமானில் (குடியிருப்பில்). இந்த வெயிலில் யாருக்கம்மா ஸ்வெட்டர் என்று கேட்காதவர்கள் இல்லை. டயாலிசிஸ் அறையில் நாலு மணி நேரம் ஏர்கான் காற்றில் படுத்துப் பார்த்தவர்கள் மட்டும் கேட்க மாட்டார்கள். கேமரன் மலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் ராத்திரி பத்து மணிக்குத் தானா ராத்தாவில் நடுங்கியவர்களும் கேட்க மாட்டார்கள்.

அடுத்த கேள்விதான் எப்போதும் வரும்: "உனக்கு எப்படி நேரம் கிடைக்குது?" கிடைப்பதில்லை. எனக்குக் கிடைப்பதெல்லாம் துண்டு. ரைஸ் குக்கரில் சோறு வேகிற 25 நிமிடம், டியூசன் வாசலில் காரில் உட்கார்ந்திருக்கிற கால் மணி நேரம், மழை பிடித்துக்கொண்டு துணி காயப்போட முடியாமல் நிற்கிற நேரம். நிதானமாக இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பின்னலாம் என்று காத்திருந்த முதல் இரண்டு வருஷத்தில் நான் முடித்தது ஒரே ஒரு குழந்தைத் தொப்பி. அது தயாரானபோது அந்தக் குழந்தை நடக்க ஆரம்பித்திருந்தது. அதற்குப் பிறகுதான் புரிந்தது, நான் கற்றுக்கொள்ள வேண்டியது வேகமாகப் பின்னுவதை இல்லை, நடுவில் விடுவதை. எந்த இடத்தில் கூப்பிட்டாலும் கீழே வைத்துவிட்டுப் போய், மூன்று நாள் கழித்து வந்தாலும் யோசிக்காமல் எடுக்கிற மாதிரி விட வேண்டும். கீழே சொல்வதெல்லாம் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

முதலில் உங்கள் நிரைக்கு எத்தனை நிமிடம் என்று பாருங்கள்

போனில் நேரம் வைத்து, அவசரப்படாமல், சாதாரணமாகப் பின்னுகிற வேகத்தில் ஒரு வரிசை முடியுங்கள். எனக்கு நிமிடத்துக்கு இருபது கண்ணி வரும். அப்படியென்றால் 60 கண்ணி உள்ள வரிசைக்கு மூன்று நிமிடம், 100 கண்ணிக்கு ஐந்து நிமிடம். இது தெரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சோறு வேகும் நேரத்தில் 60 கண்ணி ஸ்கார்ஃப் என்றால் எட்டு வரிசை ஓடும். ஐந்து நிமிடத்தில் கிளம்ப வேண்டும் என்றால் 100 கண்ணி இருக்கிற ஸ்வெட்டர் முதுகுத் துண்டைத் தொடவே மாட்டேன், நடுவரிசையில் மாட்டிக்கொள்வேன். "வர்றேன்" என்று சொல்லும்போதும் பொய் சொல்ல வேண்டியதில்லை. "மூணு நிமிஷம்" என்றால் மூன்று நிமிடம். பிள்ளைகள் இப்போது நம்புகிறார்கள். கணவர் மட்டும் இன்னும் நம்பவில்லை, அது வேறு கதை.

மூன்று பை

ஒரு நேரத்தில் ஒரே வேலைதான், அதை முடித்துவிட்டுத்தான் அடுத்தது என்று சிலர் கறாராகச் சொல்வார்கள். குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அது சரிப்படாது என்பது என் கட்சி. துண்டு நேரங்கள் எல்லாம் ஒரே ஜாதி இல்லையே. கை மட்டும் சும்மா இருக்கிற நேரம் உண்டு, தலையும் சும்மா இருக்கிற நேரம் உண்டு. அதனால் மூன்று பை வைத்திருக்கிறேன். நாலாவதுக்கு இடமில்லை. ஏதாவது ஒன்று முடிந்தால்தான் புதிதாக ஊசியில் ஏற்றுவேன்.

கதவுப் பை வாசல் கதவுக் கொக்கியில், கார் சாவிக்குப் பக்கத்தில் தொங்கும். அதில் எப்போதும் யோசிக்கத் தேவையில்லாத வேலைதான் இருக்கும்: எல்லா வரிசையும் நிட் (பின்னலின் அடிப்படைக் கண்ணி) மட்டும் போடுகிற ஸ்கார்ஃப், பாத்திரம் துடைக்கிற துணி, குழந்தைத் தொப்பியின் வட்டம். பேசிக்கொண்டே, எட்டு வயதுக்காரனுக்கு ஏழாம் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டே போடலாம். இதற்கு நேர் ஊசி வேண்டாம், 80 சென்டிமீட்டர் வட்ட ஊசி (இரண்டு ஊசியை வளைகிற கயிறு ஒன்று இணைத்திருக்கும்) வாங்குங்கள். பக்கத்தில் இருப்பவர் விலாவில் இடிக்காது, ஒரு ஊசி கழன்று நாற்காலிக்கு அடியில் உருண்டு ஓடாது, எடை முழுக்க மடியில் கிடக்கும். வட்டமாகத்தான் பின்ன வேண்டும் என்றில்லை, நேர் ஊசி மாதிரியே திருப்பித் திருப்பிப் போடலாம். கடையில் மூங்கிலும் அலுமினியமும் இரண்டும் கிடைத்தால் நம் ஊர் வேர்வைக் கைக்கு மூங்கிலை எடுங்கள். வழுக்காது, கறுக்காது.

ராத்திரிப் பை எல்லோரும் படுத்த பிறகு. லேஸ் (ஓட்டை ஓட்டையான டிசைன்), கேபிள் (ஜடை மாதிரி முறுக்கு), அளவு பார்த்துக் குறைக்க வேண்டிய கழுத்து, இதெல்லாம் அதில். நாடகம் ஓடுகிற டிவிக்கு முன்னால் இதை எடுக்காதீர்கள், அனுபவத்தில் சொல்கிறேன். எட்டரை மணி நாடகத்தில் மாமியார் கொடுமை உச்சத்துக்குப் போகும்போது (நிஜ மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து "பாவம் அந்தப் புள்ள" என்பார்) என் கை இறுகிவிடும், அந்த நாலு வரிசை மட்டும் இடுப்பு மாதிரிச் சுருங்கி நிற்கும்.

மூன்றாவது தவணைப் பை. யாருக்கோ எந்தத் தேதிக்கோ ஒப்புக்கொண்டது. இதில் கணக்கு முக்கியம். மொத்தம் எத்தனை வரிசை, ஒரு வரிசைக்கு எத்தனை நிமிடம், ஒரு வாரத்தில் உண்மையாகவே எத்தனை நிமிடம் கிடைக்கிறது. வருகிற விடையை இரண்டால் பெருக்குங்கள். காய்ச்சல், பள்ளி விளையாட்டுப் போட்டி, ஊரிலிருந்து திடீரென வந்து நிற்கும் நாத்தனார் எல்லாம் அந்தப் பெருக்கலுக்குள் அடங்கும். தீபாவளிக்கு முந்தின மூன்று வாரத்தைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். முறுக்கு மாவு கையோடு யாரும் நூலைத் தொட முடியாது.

கீழே வைப்பது எப்படி

வரிசை முடிவில் வைப்பதுதான் நல்லது. ஆனால் அடுப்பில் பால் பொங்கும்போது வரிசை முடிவு பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நடுவரிசையில் விட்டால் திரும்ப வந்து எந்தக் கையில் எந்த ஊசி என்று குழம்புவதுதான் பெரிய ஆபத்து. ஒரு தடவை சின்னவள் குளியலறையில் வழுக்கி விழுந்த சத்தத்துக்கு ஓடிவிட்டு (முட்டியில் சிராய்ப்புதான்), அரை மணி நேரம் கழித்து வந்து எதிர்ப்பக்கமாகப் பின்ன ஆரம்பித்துவிட்டேன். பன்னிரண்டு வரிசை போன பிறகு பார்த்தால் நடுவில் ஒரு ஓட்டை, ஒரு பக்கம் இரண்டு வரிசை உயரம். நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: உருண்டையிலிருந்து வருகிற நூல் எந்த ஊசியில் தொங்குகிறதோ அந்த ஊசி வலது கைக்கு. அது கடைசியாகப் பின்னிய கண்ணி, அதற்கு மேல்தான் தொடர வேண்டும். வரிசையை முடித்துவிட்டு வைத்திருந்தால் மட்டும் நிறைந்த ஊசி இடது கைக்குப் போகும்.

எழுந்து போகும்போது கண்ணிகளை ஊசி முனையிலிருந்து உள்ளே தள்ளிவிட்டு, இரண்டு முனையையும் சேர்த்து ஒரு ரப்பர் பேண்ட் சுற்றுங்கள். இதற்கென்று கடையில் மூடி விற்கிறார்கள். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் அதற்குக் காசு கொடுப்பேனா? இந்த வேலைக்கு ஐந்து விநாடி போதும். ராத்திரி முழுக்க நடுவரிசையில் மட்டும் விடாதீர்கள். அந்த இடத்துக் கண்ணி இழுபட்டு, பின்னி முடித்த பிறகு ஒரு கோடு மாதிரித் தெரியும்.

எண்ணிக்கைக்குப் புளியங்கொட்டை. என்னிடம் வரிசை எண்ணும் கருவி இருந்தது, பிள்ளைகள் அழுத்தி அழுத்தி 99க்குக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது ஒரு கிண்ணத்தில் கொட்டை, பக்கத்தில் மாமியார் பத்திரப்படுத்தி வைத்திருந்த பழைய பால் மங்கு (ரப்பர் பால் பிடிக்கிற கிண்ணம்). ஒரு நிரை முடிந்தால் ஒரு கொட்டை கிண்ணத்திலிருந்து மங்குக்கு. இந்தப் பொறுப்பை மாமியாரே எடுத்துக்கொண்டார். "நாள் பூரா ஊசியும் கையுமா" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தவர், நான் ஏமாற்றி ஒரு கொட்டையை முன்னாடியே போட்டால் இப்போது திருப்பி எடுத்து வைக்கிறார். வெளியே போகும்போது கொட்டையெல்லாம் கொண்டுபோக முடியாது, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வேன்.

கண்ணி குறைக்கும் இடம், கூட்டும் இடம், டிசைன் ஒரு சுற்று முடியும் இடம், இதற்கெல்லாம் அடையாள வளையம் தேவை. தே ஐஸ் தாபாவ் (ஐஸ் டீ பார்சல்) வாங்கினால் வருகிற ஸ்ட்ராவைக் கழுவி மெல்லிய வளையமாக வெட்டினால் ஒரு ஸ்ட்ராவில் முப்பது கிடைக்கும். சேலைப் பின்னை மாட்டாதீர்கள், நூலைக் குத்தி இழுக்கும்.

ஒவ்வொரு பையிலும் ஒரு சீட்டு இருக்க வேண்டும். நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். ஊசி அளவு, எத்தனை கண்ணி ஏற்றினேன், நூல் லேபிளில் இருக்கும் லாட் எண் (ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்கு ஒரே எண்), எங்கே விட்டேன், அடுத்து என்ன. ஊசி அளவை எழுதியே ஆக வேண்டும். என்னைக்காவது அவசரத்துக்கு அந்த 4 மில்லிமீட்டர் ஊசியை வேறு வேலைக்கு உருவுவீர்கள், திரும்ப வைக்கும்போது கையில் கிடைத்த மூன்றரையைச் செருகுவீர்கள், ஸ்வெட்டர் மார்புக்கு மேல் ஒரு அளவு கீழ் ஒரு அளவாக வளரும். எனக்கு நடந்தது.

ராத்திரிப் பைக்கு இன்னொரு காப்பு: பத்து வரிசைக்கு ஒரு தடவை, எல்லாக் கண்ணிக்குள்ளும் வேறு நிறத் தையல் நூல் ஒன்றை ஊசியால் கோத்து ஓடவிடுங்கள். தப்பு வந்தால் ஊசியை உருவிவிட்டுத் தைரியமாகப் பிரிக்கலாம், பிரிவு அந்த நூலில் வந்து நின்றுவிடும். பாலியெஸ்டர் நூலாக இருக்கட்டும். பூக்கட்டுகிற நூலைப் போட்டுப் பார்த்தேன், பிசிறு ஒட்டிக்கொண்டு வெளியே வரவே இல்லை.

மாமியாரின் கார்டிகன்

எல்லாவற்றையும் சேர்த்துச் செய்த வேலை என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். டயாலிசிஸில் ரத்தம் குழாய் வழியாக வெளியே போய்த் திரும்புவதில் உடம்பு குளிர்ந்துவிடும், அதோடு ஏர்கான். போர்த்திக்கொள்ளலாம் என்றால் ஊசி குத்துகிற ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) இருக்கிற கையை மூடக் கூடாது, குழாய் கழன்றாலோ ரத்தம் கசிந்தாலோ தாதிகளுக்கு உடனே தெரிய வேண்டும். இறுக்கமான கையும் அதற்கு ஆகாது. கடையில் வாங்கின ஸ்வெட்டரின் கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் தோளுக்குக் கீழே இறுக்கும். அதனால் இடது கை மட்டும் தோளிலிருந்து மணிக்கட்டு வரை திறக்கிற மாதிரி ஒரு கார்டிகன்.

மாதிரித் துண்டு பின்னி அளந்ததில் 4 மில்லிமீட்டர் ஊசியில் 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி வந்தது. முதுகு 50 சென்டிமீட்டர் அகலம், ஆகவே 100 கண்ணி. ஒரு வரிசைக்கு ஐந்து நிமிடம். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற நாலு மணி நேரத்தில் 48 வரிசை போட வேண்டும், கணக்குப்படி. பக்கத்து நாற்காலி அக்காவின் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் கதை, மீ கோரெங் சாப்பாடு, கொஞ்சம் தூக்கம் போக முப்பது வரிசைதான் ஆனது, சுமார் 10 சென்டிமீட்டர். ஆறு தடவை போய்வந்ததில், இரண்டு வாரத்தில், முதுகு முடிந்தது.

இடது கையைத் தட்டையாகப் பின்னி, ஓரத்தைத் தைக்காமல் விட வேண்டும். இரண்டு ஓரத்திலும் ஆறு கண்ணியை எல்லா வரிசையிலும் நிட்டாகவே போட்டால் ஓரம் சுருண்டுகொள்ளாது. ஒரு ஓரத்தில் 8 சென்டிமீட்டருக்கு ஒரு பொத்தான் ஓட்டை. பெரிய பொத்தானாக வாங்குங்கள். வயதானவர்களின் விரலுக்குச் சட்டைப் பொத்தான் பிடிபடாது. ஓட்டைக்கு ஒரு வரிசையில் இரண்டு கண்ணியை அடைத்து (முடித்து ஊசியிலிருந்து இறக்கி), அடுத்த வரிசையில் அதே இடத்தில் இரண்டு ஏற்றினால் போதும். சிகிச்சை நேரத்தில் எல்லாப் பொத்தானையும் கழற்றிக் கையை வெளியே எடுத்துவிடலாம், மற்ற தோள், மார்பு, முதுகு எல்லாம் கதகதப்பாக இருக்கும். வெள்ளையில் பின்னாதீர்கள். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

நூல், ஈரம், மஞ்சள் கறை

எங்கள் பக்கத்தில் பெரிய நூல் கடை இல்லை, முப்பது கிலோமீட்டர் ஈப்போ போக வேண்டும், இல்லையென்றால் ஆன்லைன். கடையில் 'பெனாங்' என்று கேளுங்கள், பினாங்கு இல்லை, மலாயில் நூல். நம் சீதோஷ்ணத்துக்கு மில்க் காட்டன் என்று 50 கிராம் உருண்டையாக விற்பது நன்றாக ஒத்துவரும். பெரும்பாலும் பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்தது. சுத்தப் பருத்தி கனமாகத் தொங்கும், இழுத்தால் கொடுக்காது, விரல் வலிக்கும். முழு வேலைக்கும் தேவையானதை ஒரே லாட் எண்ணில், ஒரு உருண்டை கூடுதலாகவே வாங்கிவிடுங்கள். அடுத்த தடவை அதே நிறம் என்று வாங்கி வந்தால் கடை விளக்கில் ஒன்றாகத் தெரிந்தது வீட்டு வெளிச்சத்தில் பட்டையாகத் தெரியும்.

உருண்டையை மைலோ டின்னுக்குள் போட்டு, பிளாஸ்டிக் மூடியில் ஒரு ஓட்டை போட்டு நூலை வெளியே எடுங்கள். ஓட்டையின் விளிம்பைத் தேய்த்து மழமழப்பாக்குங்கள், இல்லாவிட்டால் நூல் பிசிறும். பூனைக்கு ஏமாற்றம், உங்களுக்கு நிம்மதி. பின்னாத நூலைப் பெரிய பிஸ்கட் டின்னில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் பூஞ்சை வாடை வராது. சுவரில் சாம்பல் நிறத்தில் தட்டையாக ஒரு கூடு ஒட்டிக்கொண்டிருக்குமே, உள்ளே ஒரு புழு தலையை நீட்டுமே, அது உதிர்ந்த முடியையும் கம்பளியையும் தின்னும். யாராவது வெளிநாட்டிலிருந்து நிஜ உல்லன் வாங்கி வந்திருந்தால் அதைத் திறந்து வைக்காதீர்கள்.

சமையலுக்கு நடுவில் எடுப்பதால் மஞ்சள் பட்டே தீரும். சோப்புப் போட்டவுடன் சிவப்பாக மாறினால் பயப்பட வேண்டாம், மஞ்சளின் குணம் அது. அலசிவிட்டு வெயிலில் போடுங்கள், மஞ்சளின் நிறத்தை வெயில் வெளுத்துவிடும், இரண்டு மூன்று நாளில் போய்விடும். தேங்காய் எண்ணெய்க் கறைக்குத்தான் வழியில்லாமல் பாத்திரம் கழுவும் திரவத்தைப் போட்டுக் கசக்குகிறேன்.

வீட்டு ஆட்கள்

பிள்ளைகளைத் தடுப்பதைவிட ஆளுக்கு ஒரு சின்ன உருண்டை கொடுப்பது சுலபம். ஊசி வேண்டாம், நாலு விரலில் நூலைச் சுற்றிச் சுற்றி விரலாலேயே பின்னலாம். எங்கள் பையன் இப்படி வீட்டு வாசலிலிருந்து கேட் வரைக்கும் ஒரு கயிறு பின்னி, தங்கையின் மூன்று சக்கர சைக்கிளை இழுக்கிறான். அந்த நேரத்தில் எனக்குப் பத்து வரிசை.

கணவர் விஷயத்தில் ஒரே யோசனை: அவருக்கு ஸ்வெட்டர் பின்னித் தருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். அவ்வளவு பெரிய மார்புக்கு எத்தனை நிரை என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, போனுக்கு ஒரு உறை பின்னிக் கொடுத்தேன். சந்தோஷமாகத்தான் இருக்கிறார். நூல் வாங்கின பில் மட்டும் அவர் கண்ணில் படாமல் இருப்பது உசிதம்.

கடைசியாக, முடியாமல் கிடப்பது. ஆறு மாதமாகக் கையே படாத வேலை ஒன்று பையில் இருந்தால் அதைப் பிரித்துவிடுங்கள். பிரித்த நூல் சுருள் சுருளாக இருக்கும். நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் கட்டி, நனைத்துப் பிழிந்து, அடியில் கொஞ்சம் கனம் தொங்கவிட்டுக் காயவைத்தால் நேராகிவிடும். மூத்தவளுக்கென்று ஆரம்பித்து, அவள் வளர்ந்துவிட்டதால் பாதியில் நின்ற நீல வெஸ்ட் இப்படித்தான் போனது. மாமியார் கார்டிகனின் இடது கையில் அந்தப் பொத்தான் பட்டை இருக்கிறதே, அது அந்த நீலம்.